டன்னுன்னா எந்த டன்?

வணக்கம் அக்கா,

சாஃப்ட்வேர் வேலைல சேந்து எட்டு மாசம் ஆகுது. வேலை ஓரளவுக்குப் பிடிபட்டுடுச்சு, ஆனா காலைல டீம் மொத்தமும் கூடி ஆளாளுக்கு வேலை நிலவரம் சொல்ற ஸ்டாண்டப் மீட்டிங்னாலே வயித்தக் கலக்குது. என் டர்ன் வர்றதுக்குள்ள மனசுக்குள்ளயே அஞ்சாறு தடவ சொல்லிப் பாத்துக்குறேன், அப்பவும் வாயத் தொறந்தா கதை மாதிரி முதல்லேர்ந்து ஆரம்பிச்சு எங்கயோ போய் நிக்குறேன். நேத்து டீம் லீட் எல்லார் முன்னாடியும் "சரி, இப்ப நிலவரம் என்ன?"ன்னு கேட்டுட்டார். என் இங்கிலீஷ்தான் பிரச்சனையா? பேர் போடாதீங்க ப்ளீஸ்.

தம்பி,

இங்கிலீஷ் இல்ல. சரளமா மூணு நிமிஷம் பேசி முடிச்சப்புறமும் வேலை முடிஞ்சுதா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாத மீட்டிங் நான் எத்தனையோ பாத்திருக்கேன். (நின்னுக்கிட்டே பேசினா கால் வலிக்கும், சீக்கிரம் முடிப்பாங்கன்னுதான் ஸ்டாண்டப்புன்னே பேரு, இப்ப வீடியோ கால்ல எல்லாரும் சாஞ்சு உக்காந்துக்கிட்டு பேசறோம், எங்க முடியும்.)

உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தினது "மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்குறேன்"ங்கிற எடம்தான். அப்ப மத்தவங்க பேசிட்டு இருக்காங்கல்ல? நானும் இப்படித்தான் ஒரு தடவ, நான் வெயிட் பண்ணிட்டு இருந்த ஏபிஐ (என் கோட் இன்னொரு சாஃப்ட்வேரோட பேசறதுக்கான இணைப்பு) இன்னிக்கு வராதுன்னு ஒருத்தர் தெளிவா சொல்லி முடிச்சிருக்கார், அடுத்த ஆளா நான் வந்து "இன்னிக்கு அந்த ஏபிஐய கனெக்ட் பண்ணப் போறேன்"னேன். யாரும் சிரிக்கல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அன்னிலேர்ந்து மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே ரெண்டு வரி டைப் பண்ணி வச்சுப்பேன், காது ஃப்ரீயாயிடும்.

அந்த ரெண்டு வரில என்ன எழுதறதுன்னா, நேத்து நான் சும்மா இல்லன்னு நிரூபிக்கிற வேலைய முதல்ல விடுங்க, கதை அங்கேர்ந்துதான் வருது. நேத்து என்ன பண்ணேன், இன்னிக்கு என்ன பண்ணப் போறேன், என்ன தடங்கல்னு மூணு கேள்விய எல்லா டீம்லயும் ஒப்பிக்கிறாங்களே, டீம் எப்படி சேந்து வேலை செய்யணும்னு சொல்ற ஸ்கிரம் முறையோட கைடுலயே 2017ல அது வெறும் உதாரணம்தான்னு ஆக்கிட்டாங்க, 2020 நவம்பர்ல வந்த வெர்ஷன்ல அதையும் தூக்கிட்டாங்க. மிச்சம் இருக்கறது 15 நிமிஷம், ஸ்பிரிண்ட் கோல் (இப்ப ஓடற சில வாரத்துக்கு டீம் வச்சிருக்கற இலக்கு) பக்கம் போறோமா, இன்னிக்கு பிளான மாத்தணுமா, அவ்வளவுதான். எட்டு பேர் இருந்தா ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூட வராது. அதனால நான் சொல்றதக் கேட்டு இங்க யாரோட இன்னிக்கு வேலை மாறும்னு யோசிச்சுட்டு அத மட்டும் சொல்லுங்க.

"பாஸ்வேர்ட் ரீசெட் போய்ட்டு இருக்கு, சின்ன சின்ன இஷ்யூஸ், பாத்துட்டு இருக்கேன்" - இதுல யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல. "ரீசெட் ஸ்கிரீன் முடிஞ்சுடுச்சு, மெயில் போகல, மெயில் சர்வர் ஆக்சஸ் என்கிட்ட இல்ல, மத்தியானத்துக்குள்ள கிடைச்சா இன்னிக்கே டெஸ்டிங்குக்குத் தரேன், இல்லன்னா நாளைக்குத்தான்" - இதக் கேட்டதும் ஆக்சஸ் தர்றவருக்கும் வேலை தெரிஞ்சுடுச்சு, டெஸ்டர் இன்னிக்கு வேற டிக்கெட் (பதிவு பண்ணி வச்சிருக்கற வேலை) எடுத்துக்கலாமான்னு முடிவு பண்ணிடுவார். இங்கிலீஷ்ல உடைச்சு உடைச்சு சொன்னாலும் இது புரியும்.

அப்புறம் முடிஞ்சுதுன்னு சொல்ல எல்லாரும் போடற இந்த "டன்"னுங்கற வார்த்தை. கோட் எழுதியாச்சுன்னாலும் டன், ரிவ்யூ முடிஞ்சாலும் டன், டீமோட பொதுக் கோட்ல சேந்து மெர்ஜ் ஆனாலும் டன், டெஸ்ட் சர்வர்ல ஏத்தினாலும் டன். என்னோட பழைய டீம்ல ஒரு திங்கக்கிழமை நான் டன்னு சொன்னேன், என் லேப்டாப்ல ஓடுதுங்கற அர்த்தத்துல. டெஸ்டர் பாவம் அன்னிக்கு முழுக்க டெஸ்ட் சர்வர்ல பழைய வெர்ஷனையே டெஸ்ட் பண்ணி பதினோரு பக் போட்டாங்க, அதுல ஒன்பது நான் ஏற்கனவே சரி பண்ணது. சண்டையெல்லாம் போடல. ஆனா அதுக்கப்புறம் நான் எப்ப டன்னு சொன்னாலும் மைக்க ஆன் பண்ணி "எந்த டன்?"னு கேப்பாங்க. நல்ல கேள்வி. இன்னிவரைக்கும் நான் அந்த வார்த்தைய தனியா விடறதில்ல, மெர்ஜ் ஆயிடுச்சு ஆனா சர்வருக்கு இன்னும் போகலன்னு முழுசாத்தான் சொல்றது.

"ஆல்மோஸ்ட்"டும் இதே ரகம். மூணு நாளா ஆல்மோஸ்ட்ல இருக்கற டிக்கெட் மாட்டிக்கிச்சுன்னுதான் அர்த்தம்.

மாட்டிக்கிட்டா ஸ்டாண்டப் வரைக்கும் பொத்தி வைக்காதீங்க, பதினோரு மணிக்கு மாட்டினத மறுநாள் காலைல சொன்னா ஒரு நாள் போச்சு, அப்பவே சேட்ல போட்டுடுங்க. ரெண்டு பேருக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம்னா மீட்டிங்ல அலசாம "முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் பேசலாம்"னு பேர் சொல்லிட்டு நகந்துடுங்க.

சில லீட் இத அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி நடத்துவாங்க, ஒவ்வொருத்தரும் அவரப் பாத்தே பேசுவாங்க, அது உங்க தப்பில்ல, இப்போதைக்கு உங்களால மாத்தவும் முடியாது. ஆனா உங்க லீட் கேட்டத நான் அவமானப்படுத்தினதா எடுத்துக்க மாட்டேன், நெஜமாவே அவருக்கு நிலவரம் தெரியல. நாளைக்கு அந்தக் கேள்விக்கான பதில்லயே ஆரம்பிங்க, அது எப்படி அங்க வந்துச்சுங்கற கதைய யாராவது கேட்டா சொல்லிக்கலாம்.