கசப்பைக் குறைத்தால் சர்க்கரை தானே குறையும்
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தினமும் நான்கு கப் டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. படிப்படியாகக் குறைக்க என்ன வழி?

பதில்: முதலில் அந்த ‘இரண்டு ஸ்பூன்’ எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். தேக்கரண்டியை மட்டமாக வழித்து எடுத்தால் சுமார் 4 கிராம். குவித்து அள்ளினால் 6, 7 கிராம் வரை போகும். குவித்த ஸ்பூனாக இருந்தால் நான்கு கப்பிலேயே 50 கிராமைத் தொட்டுவிடுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன உச்ச வரம்பே, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். அதிலும் பாதியாக, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அதே அறிவுரை. இனிப்பு, பிஸ்கட், ஜூஸ் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வரும்.

ஆகவே முதல் வாரம் அளவைக் குறைக்கவே வேண்டாம். கத்தியின் முதுகால் ஸ்பூனை வழித்துப் போடுங்கள், போதும். அதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிறகு வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் இறங்குங்கள். ஒவ்வொரு கப்புக்கும் அளந்துகொண்டிருப்பது அலுப்பு என்றால், வாரக் கணக்காக ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். நான்கு கப், இரண்டு ஸ்பூன், ஏழு நாள் என்றால் 224 கிராம். அடுத்த வாரம் 196 கிராம், அதற்கடுத்த வாரம் 168. டப்பா புதன்கிழமையே காலியானால் எங்கே கை தாராளமானது என்று தெரிந்துவிடும்.

இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருவது சுலபம். ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்குப் போவதில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டு ஸ்பூனில் கால் ஸ்பூன் குறைத்தால் போவது எட்டில் ஒரு பங்கு. அரை ஸ்பூனில் அதே கால் ஸ்பூனைக் குறைத்தால் பாதி இனிப்பே போய்விடுகிறது. நாக்கு உணர்வது இந்த விகிதத்தைத்தான். அதனால் கடைசிக் கட்டத்தில் சிட்டிகை சிட்டிகையாக இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் நில்லுங்கள். டீயில் குறைத்ததை பிஸ்கட்டில் ஈடுகட்டிக்கொள்ளவும் கூடாது; இது நமக்கே தெரியாமல் நடக்கும்.

கேள்வி: சர்க்கரை குறைந்ததும் டீ துவர்க்கிறது, காபி கசக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவை முன்பும் துவர்த்தன, கசந்தன. சர்க்கரை மூடி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பலருக்கு இனிப்பு ஆசையைவிட, தப்பாகப் போட்ட டீயைக் குடிக்கும்படியாக்கவே இரண்டாவது ஸ்பூன் தேவைப்படுகிறது. எனவே சர்க்கரையில் கை வைக்கும் முன் தயாரிப்பைச் சரிசெய்யுங்கள்.

டீக்கு: 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 2 கிராம் இலை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு மூடி, மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். பொடித் தேயிலைக்கு இரண்டு நிமிடமே போதும். துகள் சிறியதாக இருப்பதால் சாறு வேகமாக இறங்கும். இலையை நீரிலேயே விட்டுக் கொதிக்கவிடும்போது துவர்ப்புப் பொருட்கள் மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருக்கும். வடிகட்டியில் கரண்டியால் அழுத்திப் பிழிவதும் அதே தப்புதான். டீ வெளிறிப்போனால் நேரத்தைக் கூட்டாதீர்கள், இலையைக் கூட்டுங்கள். பால் சேர்த்தால் அதிலுள்ள கேசீன் புரதம் துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை குறைக்கும் நாட்களில் பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம். பச்சைத் தேநீருக்குக் கொதிநீர் ஆகவே ஆகாது. 75–80 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் இலை விழ வேண்டும்.

காபி கசந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். தூள் மாவாக அரைக்கப்பட்டிருக்கலாம், தண்ணீரில் அதிக நேரம் ஊறியிருக்கலாம், அல்லது கொட்டை கருக வறுக்கப்பட்டிருக்கலாம். 150 மில்லிக்கு 9 கிராம் தூள், 92–96 டிகிரி நீர், ஊறவைத்து வடிக்கும் முறை என்றால் சற்றுப் பரும்பொடியாக அரைத்து நான்கு நிமிடம் என்று ஆரம்பியுங்கள். ரோபஸ்டா வகையில் காஃபீன் அரபிகாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல். நடுத்தர வறுவல் அரபிகாவுக்கு மாறினாலே அரை ஸ்பூன் சர்க்கரை மிச்சமாகும். ஆனால் கசப்புக்குப் பயந்து நேரத்தை ஒரேயடியாகக் குறைத்தால் காபி புளிக்கும். அந்தப் புளிப்புக்கும் சர்க்கரை கேட்கும்.

சில துகள் உப்பு போடுவதும் பலன் தரும், குறிப்பாகக் காபியில். சோடியம் கசப்புணர்வை அமுக்கிவிடும். உப்புச் சுவை நாக்கில் தெரிந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்களுக்கு இந்த உத்தி வேண்டாம்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லமும் தேனும் போடுகிறேன். இது சரிதானே?

பதில்: மணத்துக்காக என்றால் தாராளமாக. சர்க்கரையைக் குறைப்பதற்காக என்றால் பலனில்லை. வெல்லத்தின் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ஒரு கப்புக்குப் போடும் அளவில் கிடைக்கும் தாது உப்புகள் பெயருக்குத்தான். தேன் இன்னும் ஏமாற்றும். கனமான பொருள் என்பதால் ஒரு தேக்கரண்டி 7 கிராம் வரும். ஆறில் ஒரு பங்கு நீரைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 6 கிராம் சர்க்கரை, அதாவது வழித்த ஸ்பூன் சர்க்கரையைவிட அதிகம். போதாததற்கு, தேனில் நிறைந்துள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையின் இனிப்பு சூட்டில் குறைவாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஊற்றிவிட்டு, ஆறியதும் திகட்டுகிறதே என்பீர்கள். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, அரை ஸ்பூனோடு நிறுத்துங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

வெல்லம் போட்டுப் பால் திரிகிறது என்றால் காரணம் அதன் லேசான அமிலத்தன்மை. தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடுப்பை அணைத்து, பால் சற்று ஆறிய பின் ஊற்றுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டிகளில் ஸ்டீவியா கசக்கிறது. அஸ்பார்ட்டேம் பயமாக இருக்கிறது. சூடான பானத்துக்கு எதுதான் பொருந்தும்?

பதில்: ஸ்டீவியா சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பானது. கூடப் போட்டால் இனிப்பு ஏறுவதில்லை, கசப்புதான் ஏறும். பாதி அளவு போட்டுப் பாருங்கள். பால் கலந்த பானத்திலும், ஏலக்காய், பட்டை மணம் உள்ள டீயிலும் அந்தப் பின்கசப்பு அடங்கும். வெறும் பச்சைத் தேநீரில் துருத்திக்கொண்டு நிற்கும்.

சுக்ரலோஸ் சூடான பானத்தில் நிலைத்து நிற்கும், சுவையிலும் சர்க்கரைக்கு நெருக்கம். அஸ்பார்ட்டேமைக் கப்பில் போட்டுக் கலக்கலாம். ஆனால் பானத்தோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். பயத்துக்குக் காரணம் 2023 ஜூலையில் வந்த செய்தி. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு அதை ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற பிரிவில், வரம்புக்குட்பட்ட ஆதாரத்தின் பேரில் சேர்த்தது. அதே சமயம் உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான சர்வதேச நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது சில பத்து மில்லிகிராம்தான். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடவே கூடாது.

எரித்ரிட்டால் சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தரும், பின்கசப்பு இல்லை. அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும். சைலிட்டால் வாங்கினால் வீட்டு நாய்க்கு எட்டாமல் வையுங்கள், அதற்கு அது விஷம்.

எங்கள் அபிப்பிராயம்: இவை ஊன்றுகோல். நாக்கு அதே இனிப்பையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. பாதி சர்க்கரை, பாதி இனிப்பூட்டி என்று தொடங்கி இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள்.

கேள்வி: இனிப்பே சேர்க்காமல் இனிப்பாகத் தோன்றவைக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். வெனிலா, பட்டை, ஏலக்காய், சோம்பு ஆகியவற்றின் மணத்தை மூளை இனிப்போடு சேர்த்தே பழகியிருக்கிறது. ஒரு கப்புக்கு ஏலக்காய் ஒன்றைத் தட்டியோ, அரை அங்குலப் பட்டையையோ நீரிலேயே ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துவிட்டு, பிறகு தேயிலையைப் போடுங்கள். பட்டையைப் பொடியாகப் போட்டால் கரையாது, அடியில் வழுவழுவென்று படியும். அதிமதுரம் உண்மையிலேயே இனிக்கும். ஆனால் தினமும் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். எப்போதாவது ஒரு கப் போதும்.

லாக்டோஸ் (பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை) நீக்கிய பாலையும் முயன்று பாருங்கள். அதில் லாக்டோஸ் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிந்திருப்பதால் சாதாரணப் பாலைவிட இனிக்கும். மொத்தச் சர்க்கரை அளவு அதேதான். ஓட்ஸ் பாலில் எச்சரிக்கை தேவை. தயாரிக்கும்போதே மாவுச்சத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைகிறது, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று அட்டையில் போட்டிருந்தாலும்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். டீ, காபி இரண்டிலும் முழுவதுமாக இனிப்பூட்டிக்கு மாறிவிட்டேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: இரண்டு விஷயம். தினமும் உள்ளே போன சர்க்கரை நின்றுவிட்டதால் மருந்தின் அளவு அதிகப்படியாகலாம். மருத்துவரிடம் சொல்லி, சில நாள் கூடுதலாகச் சோதித்துப் பாருங்கள். அடுத்தது, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும்போது இனிப்பூட்டி போட்ட டீ எதற்கும் உதவாது. வழித்த நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரையும் எடுக்கிறவர் என்றால் சாதாரணச் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும். அவர்கள் குளுக்கோஸ் பொடியைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும்.