மருந்து மாத்தலாமா? ராயபுரத்துக்காரன் பதில் சொல்றேன்

நமக்கு ராயபுரம், இப்போ டெக்சாஸ்ல குடித்தனம். அங்க ரேஞ்சுல சுடறதுக்கு தோட்டாவ வீட்லயே ரீலோட் பண்ணிக்கறேன், அதாவது சுட்டு முடிச்ச கேஸ்ல (வெத்து கூடு) புதுசா வெடிமருந்து, பிரைமர் (பின்னாடி பத்த வைக்கற சின்ன மூடி), புல்லட் (முன்னாடி பாயற குண்டு) போட்டுக்கறது. இங்க மருந்துன்னா இந்த வெடிமருந்துதான். லீவுல ஊருக்கு வந்ததுலேந்து கல்மண்டபம் டீக்கடையில ஆளாளுக்கு கேட்டுகினே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

கேள்வி: அண்ணே, வண்ணாரப்பேட்டைலேந்து. மச்சான் ஒஹாயோல ரீலோட் பண்றான். ஹெச் 4350ங்கற மருந்து ஸ்டாக் இல்லயாம், ஐஎம்ஆர் 4350 கெடச்சிருக்கு. நம்பர் ஒண்ணுதானே, அதே அளவு போடலாமா?

பதில்: போடாதன்னு இப்பவே போன் போட்டு சொல்லு தம்பி. ரெண்டையும் விக்கறது ஹாட்ஜ்டன் கம்பெனிதான், ஆனா மருந்து வேற வேற. அக்யூரேட்ங்கற பிராண்ட்லயும் ஒரு 4350 வருது, அது மூணாவது. எரியற வேகம் கொஞ்சம் மாறினாலே அதே அளவுக்கு பிரஷர் எங்கயோ போயிடும், பிரைமர் தட்டையாவும் போல்ட் (தோட்டாவ பின்னாடி பூட்டற தண்டு) இறுகும், அதையும் தாண்டினா துப்பாக்கியே வெடிச்சு மூஞ்சில அடிக்கும். கையில எந்த டப்பா இருக்கோ அந்தப் பேருக்கு ரீலோடிங் அளவு புக்குல போட்டிருக்கற அளவுதான், புல்லட் எடையும் பிரைமரும் கூட புக்குல உள்ளதா இருக்கணும்.

கேள்வி: எரியற வேகத்துக்கு சார்ட் இருக்கே, பக்கத்து பக்கத்துல இருந்தா மாத்திக்கலாம்ல?

பதில்: அது வரிசை மட்டும்தான் பா. நம்ம பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தவன் சொந்தக்காரனா என்ன?

கேள்வி: அப்போ ஒரே மருந்து ரெண்டு பேர்ல வர்றதே இல்லயா?

பதில்: வருது. வின்செஸ்டர் 231ம் ஹெச்பி-38ம் ஒண்ணு, வின்செஸ்டர் 296ம் ஹெச் 110ம் ஒண்ணு. இருந்தும் டப்பா மேல உள்ள பேரைத்தான் புக்குல தேடுவேன். பொதுவா அதிகபட்ச அளவுலேந்து 10 சதவீதம் கொறச்சு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம், ஆனா இந்த ஹெச் 110 அப்படி இல்ல, ரொம்ப கொறச்சா சரியா பத்திக்காது, புல்லட் பேரல்லயே நின்னுடும், அது தெரியாம அடுத்தத சுட்டா முடிஞ்சுது கதை. கொறச்சா சேஃப்னு நெனைக்கறவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க.

கேள்வி: நீங்க எப்பவாவது சொதப்பினது உண்டா?

பதில்: உண்டு, இன்னா கேள்வி இது. ஒரு தபா ராத்திரி மெஷின் மேல இருக்கற குழாய்ல மருந்த அப்படியே விட்டுட்டு படுத்துட்டேன். காலையில டேபிள்ல ரெண்டு டப்பா தொறந்து கெடக்குது, எதுலேந்து ஊத்தினேன்னு ஞாபகமே இல்ல. பார்க்க ரெண்டும் கருப்பா குட்டி குட்டியா மிளகு தூள் மாதிரிதான். மோந்து பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. முழுசையும் தோட்டத்து புல்லுல மெல்லிசா தூவிட்டேன், நைட்ரஜன் இருக்கறதால அது உரமாயிடும். சம்சாரம் "எவ்ளோ காசு"ன்னு கேட்டுது, பதில் சொல்லல. அதுலேந்து டேபிள்ல ஒரே டப்பாதான்.

கேள்வி: சௌகார்பேட்டை நகைக்கடை தராசு இருக்கு, அது போதுமா?

பதில்: கிராம்ல காட்டறது வேலைக்கு ஆவாது. இங்க கணக்கு கிரெயின்ல, ஒரு கிரெயின்னா 0.0648 கிராம். சாதாரண பிஸ்டல் தோட்டாவுக்கு 4, 5 கிரெயின்தான் போவும், பல சமயம் கேஸ்ல பாதி கூட நிரம்பாது, அதனால தவறி ரெண்டு தபா போட்டாலும் வழியாம, கண்ணுல படாம போயிடும். ஒவ்வொரு கேஸையும் டார்ச் அடிச்சு உள்ள பாக்கணும்.

கேள்வி: தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி, கருமருந்து போடறது. நீங்க சொல்ற இந்த புகையில்லா மருந்து போட்டா சுத்தமா சுடும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: அவர தள்ளி நிக்க சொல்லுங்க, துப்பாக்கிய தொடாதீங்க. அந்த பேரல் புகையில்லா மருந்தோட பிரஷருக்கு செஞ்சதே இல்ல. லைசென்ஸ் இருக்கான்னும் முதல்ல பாருங்க.

கேள்வி: பெரம்பூர்ல வீட்லயே ரீலோட் பண்ண ஆசை...

பதில்: ஆசைய மடிச்சு வை தம்பி. நம்மூர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஷூட்டிங் புடிக்கும்னா கிளப்ல சேந்து ஏர் ரைஃபிள்ல ஆரம்பி, அதுக்கு மருந்தே வேணாம், காத்துதான்.