அடுத்த சனிக்கிழமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மாணவி நான். ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்காக டோக்கியோ வந்திருக்கிறேன். ஷினகாவா பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை, மிதாகாவில் விடுதி. திங்கள் முதல் வெள்ளி வரை பொழுது போவதே தெரிவதில்லை. சனி, ஞாயிறுதான் சிக்கல். வந்த புதிதில் யூடியூபில் சொல்கிற இடங்களுக்கெல்லாம் ஓடினேன். அசகுசா, ஸ்கைட்ரீ, ஷிபுயா சந்திப்பு. படம் எடுத்தேன், வீட்டுக்கு அனுப்பினேன். அறைக்குத் திரும்பினால் எதையுமே பார்க்காத மாதிரி இருந்தது. இப்போது சனிக்கிழமை மதியம் வரை தூங்குகிறேன். எழுந்ததும், இப்படி ஒரு வாய்ப்பை வீணடிக்கிறோமே என்று வருத்தம்.

ஆய்வகத்தில் எல்லோரும் மரியாதையாகப் பழகுகிறார்கள். ஆனால் வேலையைத் தாண்டிப் பேச்சு வளர்வதில்லை. திங்கட்கிழமை காலை "வார இறுதி எப்படிப் போனது?" என்பார்கள். "ஸ்கைட்ரீ போனேன்" என்பேன். "ஓ, நல்லது" என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் சில காலம் இங்கே வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய ஊரை எப்படித்தான் பார்ப்பது? இன்னொரு கேள்வி: சேர்த்து வைத்திருப்பதைப் போட்டு ஒருமுறை கியோட்டோ போய் வரலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

தூக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். நாள் முழுக்கப் புரியாத மொழியைப் புரிந்துகொள்ள முயன்று, காலையும் மாலையும் சுவோ ரயிலில் நசுங்கிப் போய்வருகிற உடம்பு அது. சனிக்கிழமை தூங்கட்டும். மதியம் எழுந்தாலும் அரை நாள் மிச்சம் இருக்கிறது. நான் சொல்லப்போவதற்கு அரை நாள் தாராளம்.

நீங்கள் போன இடங்களில் குறை ஒன்றுமில்லை. நான்கைந்து நாளில் ஊரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு அவை பொருத்தமானவை. அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அடுத்த சனிக்கிழமை. இன்று பாதியில் விட்டதை அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடரலாம். பிடிக்காத தெருவிலிருந்து பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம், பிடித்த தெருவுக்கு மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை போகலாம். இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுலாக்காரர்களின் பட்டியலை ஏன் பின்பற்ற வேண்டும்?

ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள். டோக்கியோவில் அதற்கென்றே போட்டுவைத்தது போல ஒரு கோடு இருக்கிறது. யமனோத்தே, அந்த இளம்பச்சை வட்ட ரயில். 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள். உட்கார்ந்தபடியே சுற்றிவந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1885இல் ஷினகாவாவிலிருந்து ஷின்ஜுகு வழியாக அகாபானே வரை போட்ட பாதையில் தொடங்கி, 1925இல்தான் வட்டம் முழுமையானது. இதை நடந்து சுற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மூன்று நான்கு நிலையங்கள் போதும். தண்டவாளம் கண்ணில் படுகிற தெருவாகப் பார்த்துப் போங்கள், கால் வலித்தால் அடுத்த நிலையத்தில் ஏறிவிடுங்கள். வழி தவற முடியாது என்பது தனியாகப் போகிறவருக்குப் பெரிய நிம்மதி. உங்கள் மாதாந்திர பாஸ் ஷின்ஜுகு வழியாக எடுத்ததாக இருந்தால், ஷின்ஜுகுவிலிருந்து ஷினகாவா வரை எந்த நிலையத்திலும் காசில்லாமல் ஏறி இறங்கலாம். சனி, ஞாயிறும் செல்லும். வட்டத்தில் கால்வாசிக்கு மேல் ஏற்கனவே உங்கள் பையில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பக்கத்தில் தொடங்காதீர்கள். ஷின்ஜுகு, ஹராஜுகு, ஷிபுயா எல்லாம் கூட்டம் அதிகம், முதல் நாளே சலித்துவிடும். வடக்கே தபாதாவில் தொடங்குங்கள். சுற்றுலாப் புத்தகங்கள் அந்த நிலையத்தைத் தொடுவதே இல்லை. அங்கிருந்து கொமகோமே நோக்கி நடந்தால் வீடுகளுக்கு நடுவே ஒரு ரயில்வே கேட் வரும். மொத்த யமனோத்தே பாதையிலும் மிஞ்சியிருக்கும் ஒரே கேட் அதுதான். அதையும் எடுத்துவிடத் திட்டமிருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி போகிற பாதை என்பதால் கேட் மூடுவதும் திறப்பதுமாகவே இருக்கும். சைக்கிளில் குழந்தையை வைத்த அம்மா, காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, நீங்கள். எல்லோரும் காத்து நிற்பீர்கள். டோக்கியோவில் நான் விரும்பி நின்ற இடங்களில் அது ஒன்று.

கொமகோமேயில் ரிகுகியென் தோட்டம், 1702இல் ஒரு பிரபு அமைத்தது. அடுத்து சுகாமோ. அதன் கடைத்தெரு முதியவர்களுக்கானது: சிவப்பு உள்ளாடைக் கடை, பதமான இனிப்புகள், மெதுவாக நகரும் கூட்டம். 4, 14, 24 தேதிகளில் கோயில் சந்தை கூடும். அந்தத் தேதிகளில் ஒன்று சனி, ஞாயிறில் விழுந்தால் விட்டுவிடாதீர்கள். ஓட்சுகாவில் டிராம் தண்டவாளம் குறுக்கே போகும். இகெபுகுரோவை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். உங்களுக்குப் பிடித்தால் நில்லுங்கள்.

மெஜிரோவில் நில்லுங்கள் என்று தமிழ் வாசகியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே ககுஷுயின் பல்கலைக்கழகம். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடிய சுசுமு ஓனோ பேராசிரியராக இருந்தது அங்கேதான். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. எனக்கும் அது நிரூபணமானதாகத் தோன்றவில்லை. இருந்தாலும், ஜப்பானிய இலக்கணத்தில் அத்தனை மதிப்புப் பெற்ற ஒருவர் நடுவயதைக் கடந்த பிறகு நம் சங்கப் பாடல்களைக் கையில் எடுத்தாரே, அந்த மனிதர் போய்வந்த வழி இது என்று நினைத்தபடி அந்த மதிலோரம் நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

அடுத்த நிலையம் தகாதனோபாபா. வண்டி புறப்படும்போது ஒலிப்பது கார்ட்டூன் ரோபோ சிறுவன் ஆஸ்ட்ரோ பாயின் பாட்டு. அந்தப் பையன் பிறந்ததாகக் கதையில் வரும் ஊர் இது. அதற்கடுத்தது ஷின்-ஓகுபோ, கொரியக் கடைகளுக்காக இளைஞர்கள் குவிகிற இடம். அந்த நெரிசலில் நிலையத்துக்குள் இருக்கும் ஒரு பலகையைப் பலர் கவனிப்பதில்லை. 2001 ஜனவரி 26 அன்று தண்டவாளத்தில் விழுந்த ஒருவரைக் காப்பாற்ற இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் லீ சு-ஹியோன், ஜப்பானிய மொழி படிக்க வந்திருந்த கொரிய மாணவர், வயது 26. இன்னொருவர் செகினே ஷிரோ என்ற புகைப்படக் கலைஞர். மூவருமே இறந்துபோனார்கள். அந்தப் பலகையில் இதை ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர் என்ற முறையில் நீங்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஷின்ஜுகு வந்ததும் கிழக்கு வாசலுக்குப் போய் நாகாமுராயாவைத் தேடுங்கள். டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பிவந்தார். பிரிட்டிஷாரின் நெருக்குதலால் நாடு கடத்தும் உத்தரவு வந்தபோது அவரை ஒளித்து வைத்தவர்கள் இந்த ரொட்டிக்கடையை நடத்திய சோமா தம்பதியர். 1918இல் அவர்களுடைய மகள் தோஷிகோவை மணந்தார். தோஷிகோ 1925இல் இறந்துபோனார். 1927இல் நாகாமுராயா தொடங்கிய உணவகத்தில் போஸ் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி பரிமாறப்பட்டது, இன்றும் கிடைக்கிறது. கோழிக்கறி, மலிவில்லை. சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தமாட்டேன்.

மேற்கு வாசல் பக்கம் டோக்கியோ மாநகர அரசின் கோபுரம். 202 மீட்டர் உயரத்தில் 45ஆம் மாடி, கட்டணம் இல்லை. இவ்வளவு தூரம் நடந்த பிறகு அங்கே ஏறினால், நடந்த வழியை மேலிருந்து தேடிப் பார்க்கலாம். ஸ்கைட்ரீயில் உங்களுக்கு ஒன்றும் தோன்றாததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கீழே தெரிந்ததில் எதுவும் உங்களுக்குப் பழக்கமில்லை.

தெற்கு வளைவு முழுக்க நீங்கள் தினமும் ஜன்னலில் பார்க்கும் பக்கம்தான், உங்கள் போக்கில் போங்கள். மெய்ஜி ஆலயக் காட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1920இல் ஆலயம் எழுந்தபோது நாடு முழுவதிலிருந்தும் வந்த சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கியது அது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் தானே காடாகிவிட வேண்டும் என்று கணக்கிட்டு நட்டார்கள். இன்றும் பாதையில் உதிரும் இலைகளைக் கூட்டி மரத்தடியிலேயே திரும்பப் போடுகிறார்கள். பிறகு உங்கள் ஷினகாவா. 1872இல் ஜப்பானின் முதல் ரயில் அந்தப் பக்கம் ஓடியபோது, ராணுவ அமைச்சகம் நிலம் தர மறுத்ததால் கடலுக்குள் கல்லணை கட்டித் தண்டவாளம் போட்டார்கள். அந்த அணையின் மிச்சம் 2019இல் தகனாவாவில் கட்டட வேலையின்போது வெளிப்பட்டது. உங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்தில், இப்போது கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

திங்கட்கிழமைக் காலைக்கு வருவோம். "ஸ்கைட்ரீ போனேன்" என்றால் எதிரில் இருப்பவர் என்ன சொல்ல முடியும்? அவரே போயிருக்க மாட்டார். "தபாதா பக்கம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே எதற்குப் போனீர்கள் என்ற கேள்வி வரும். யாரோ ஒருவரின் பாட்டி சுகாமோவில் இருப்பார், யாரோ ஒருவர் மெஜிரோவில் படித்திருப்பார். என் அலுவலகத்தில் பேசவே மாட்டார் என்று நான் எண்ணியிருந்த மூத்தவர் ஒருவர், நான் நடந்து வந்த தெருவின் பெயரைக் கேட்டதும் ஒரு தாளை எடுத்துப் பழைய பொதுக் குளியல் கூடம் எங்கே இருந்தது என்று வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு அவர்தான் என்னிடம் திங்கட்கிழமைக் கேள்வியைக் கேட்பவரானார். அங்கே சொந்த வாழ்க்கையைப் பற்றி நேரடியாகக் கேட்கத் தயங்குவார்கள். ஓர் இடத்தைப் பற்றிப் பேசுவது இரண்டு பேருக்குமே எளிது.

நடக்கவே மனமில்லாத நாளுக்கு, மிதாகா நிலையத்தின் அருகிலேயே போகிற தமகாவா வாய்க்கால் இருக்கிறது. 1653இல் எடோ நகரத்துக்கு, அதாவது பழைய டோக்கியோவுக்கு, குடிநீர் கொண்டுவர 43 கிலோமீட்டர் வெட்டியது. கரையோரம் மர நிழலில் அரை மணி நேரம் நடந்தாலும் வெளியே போனதாகத்தான் கணக்கு. போகும்போது குடியிருப்பு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம், பையில் ஒரு காலி உறை இருக்கட்டும்.

கியோட்டோ? போங்கள், ஆனால் வட்டத்தை முடித்த பிறகு. ஆறு மாதம் தங்கும் விசாவில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புல்லட் ரயிலில் ஒருவழிக்கே சுமார் 14,000 யென் ஆகும். ஷின்ஜுகு நிலையத்தை ஒட்டிய பேருந்து முனையத்திலிருந்து இரவுப் பேருந்து பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. வெள்ளி இரவு ஏறினால் சனி விடியலில் இறக்கிவிடும். சேமிப்பு முழுவதும் தேவைப்படாது. மே மாதத் தொடக்க விடுமுறையும் ஆகஸ்ட் நடுப்பகுதியும் மட்டும் வேண்டாம். நாடே கிளம்பிப் போகிற நாட்கள் அவை, பேருந்துக் கட்டணமும் ஏறியிருக்கும்.

அன்புடன்,
ஆர்.