மாதச் சம்பளமா, வசூலில் பங்கா? ஷட்டில் கோச்சுக்கு எது கட்டும்?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன், பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்திருக்கிறேன். சத்துவாச்சாரி பக்கம் ஒரு ஷட்டில் அகாடமியில் கோச் வேலை. மாதம் 14,000 ரூபாய் சம்பளம், இல்லாவிட்டால் வசூலில் 40 சதவீதம் என்கிறார்கள். இப்போது 25 பிள்ளைகள், தலைக்கு 1,500 ரூபாய். காலை 5.30 முதல் 8, மாலை 4.30 முதல் 8. எதற்குச் சம்மதிக்கலாம்?

பதில்: 25 பேருக்கு வசூல் 37,500, அதில் 40 சதவீதம் 15,000. ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். மொத்த வசூலில் 40-ஆ, காக் (ஷட்டில் இறகுப் பந்து) செலவு போக 40-ஆ என்று முதலில் கேளுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஃபீடிங் பயிற்சிக்கு, அதாவது கோச் தொடர்ந்து காக் போட்டுத் தந்து அடிக்க வைப்பதற்கு, நாளொன்றுக்கு ஆறு இறகு காக் போகிறது, 12 காக் கொண்ட டப்பா 1,000 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தில் ஃபீடிங் உள்ள 24 நாளுக்கு 12,000. அதைக் கழித்துவிட்டுப் பங்கு பிரித்தால் மீதி 25,500-இல் உங்களுக்கு வருவது 10,200. அந்தச் செலவை உங்கள் தலையிலேயே கட்டினால் 3,000தான் மிஞ்சும்.

காக் செலவை ஓரளவு உங்களால் குறைக்க முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நைலான் காக் போதும். போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் இறகு. வேலூர் வெயிலில் இறகு காய்ந்து இரண்டு ஸ்மாஷிலேயே ஒடியும். முந்தின இரவே டப்பாவின் இரு மூடியையும் திறந்து, கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் சில விநாடி காட்டி, மூடி நிற்க வைத்துவிடுங்கள். வெக்கையில் காற்று லேசாகிக் காக் வேகமாகப் பறக்கும். கோடையில் வேக எண் 77-க்குப் பதில் சற்று மெதுவான 76 வாங்குவது சரி. வேகம் சரியா என்று பார்க்க, பின்கோட்டிலிருந்து கீழ்க்கை வீச்சில் முழுதாக அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். தாண்டி விழுந்தால் அந்த வேகம் ஆகாது.

அடுத்தது, தலைக்கணக்கு வருடம் முழுக்க ஒரே மாதிரி நிற்காது. மே மாதக் கேம்பில் கூட்டம் நிறையும். பரீட்சை வந்தால் பாதி பேட்ச் காலி. 15 பேராகக் குறைந்தால், மொத்த வசூலில் 40 சதவீதம் என்றாலும் 9,000தான். ஆகவே இரண்டையும் கலந்து கேளுங்கள்: 12,000 நிரந்தரம், 20 பிள்ளைகளுக்கு மேல் சேரும் ஒவ்வொருவருக்கும் 400 ரூபாய். இன்றைய கணக்கில் 14,000 வந்துவிடும். மே மாதம் அதற்கு மேல்.

சம்பளத்தை மணிக்கணக்காகவும் பாருங்கள். தினம் ஆறு மணி நேரம், 26 நாள் என்றால் 156 மணி. 14,000-க்கு மணிக்குச் சுமார் 90 ரூபாய். நெட் கட்டுவது, கோர்ட் துடைப்பது, ஃபீஸுக்குப் பெற்றோரை அழைப்பது இதில் சேரவில்லை. நடுப்பகல் உங்களுடையது, பள்ளியில் பகுதிநேர பி.டி. வேலை, தனிப் பயிற்சி இரண்டுக்கும் தடையில்லை என்று எழுதி வாங்குங்கள். பேச்சாகச் சொன்னது இரண்டாம் மாதம் மறந்துபோகும்.

பங்கை அவர்கள் கோச்சிங் கட்டணமாகக் கணக்கில் காட்டினால், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20. அப்போது 15,000 கைக்கு வரும்போது 13,500 ஆகியிருக்கும். பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும்.