விக்டோரியா தினத்துக்குக் கேம்பிங் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, டொரன்டோ வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகிறது, அலுவலக நண்பர்கள் விக்டோரியா தின லாங் வீக்கெண்டுக்கு வடக்கே இருக்கும் அல்கோன்குவின் காட்டுப் பூங்காவில் கேம்பிங் கூப்பிடுகிறார்கள், கூடாரத்தில் படுத்த பழக்கமே இல்லை, கரடி இருக்குமாம், நான் சைவம் வேறு, போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நம் தீபாவளியும் பொங்கலும் இங்கே பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். ஒருவருக்கு லீவு கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பது மே 25-க்கு முந்தைய திங்களில் வரும் விக்டோரியா தினம், ஆகஸ்ட் முதல் திங்கள், செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் போன்ற சில நாட்களில்தான். சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத ஊரில் இந்த மூன்று நாட்கள் பெரிய விஷயம். நகரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே தேதி குறிக்க வேண்டியிருக்கிறது. கேம்பிங்கிலோ ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தீயைச் சுற்றி உட்கார்ந்து, இருட்டில் சேர்ந்து பாத்திரம் கழுவுகிறோம். நடுராத்திரியில் ஒரு அவசரம் என்றால் நான் தயங்காமல் போன் செய்யக்கூடியவர்கள் எல்லோருமே என்னோடு கேம்பிங் வந்தவர்கள்தான்.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன். கரடியை விடக் குளிரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். டொரன்டோவில் மே மாதம் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்கலாம். வடக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் இரவு வெப்பநிலை சுழியம் வரைக்கும் இறங்கலாம். முதல் தடவை போகிறவர்கள் கனமான போர்வையைத் தேடி அலைவார்கள். உண்மையில் குளிர் ஏறுவது கீழேயிருந்து. தரை உடம்புச் சூட்டை ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊதிப் போடும் காற்று மெத்தை இதற்கு உதவாது, அதற்குள் இருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். அடியில் விரித்துப் படுக்கும், குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேட் ஒன்று வேண்டும், கிடைக்காவிட்டால் தடிமனான ஃபோம் பாயை இரண்டாகப் போடுங்கள். உள்ளே புகுந்து படுக்கும் பையான ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை எழுதியிருந்தால் ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பதைப் பாருங்கள், ‘லிமிட்’ என்பதை நம்பி வாங்க வேண்டாம். படுக்கும் முன் பகலில் போட்டிருந்த உடையை உள்ளாடை முதல் மாற்றிவிடுங்கள், அதில் இருக்கும் கொஞ்சம் வியர்வை ஈரம் போதும், விடிய விடிய நடுங்க வைக்கும். வெந்நீரை மூடி கசியாத பாட்டிலில் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் உயிரை எடுத்துவிடும்.

இதையெல்லாம் இப்போதே வாங்கிக் குவிக்காதீர்கள். கூப்பிட்ட நண்பர்களிடமே கேளுங்கள், பழகியவர்கள் வீட்டில் ஒரு பேட்டும் பேக்கும் கூடுதலாக இருக்கும். வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு.

கரடி விஷயம். அங்கே இருப்பவை கருங்கரடிகள். அவை மனிதர்களைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடித்தான் வரும். சாப்பாடு, கூலர், குப்பைப் பை, பற்பசை, சோப்பு எல்லாம் ராத்திரி காருக்குள் போய்விட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட வேண்டாம். இதில் யாராவது அலட்சியமாக இருந்தால் நீங்கள் புதியவர் என்று பார்க்காமல் சொல்லுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வரலாம், அது நம்மால் நடக்கக் கூடாது.

மே மாதத்தின் நிஜமான தொல்லை பிளாக் ஃப்ளை என்னும் குட்டிக் கறுப்பு ஈ. மே நடுவில் கிளம்பி ஜூன் வரை இருக்கும். பகலில்தான் கடிக்கும், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரத்தில், சட்டை விளிம்புக்குள் ஊர்ந்துபோய்க் கடிக்கும். அடர்ந்த நிறங்களை நாடி வரும் என்பதால் வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், தலையையும் முகத்தையும் மூடும் கொசுவலை போன்ற தலைவலை ஒன்று பையில் இருக்கட்டும். அதே மே மாதத்தில் ஒரு பரிசும் உண்டு. பனிக்காலத்தில் சாலையில் போட்ட உப்பு ஓரத்துப் பள்ளங்களில் தேங்கியிருக்கும், அதை நக்க மூஸ் மான்கள் பூங்கா வழியே போகும் நெடுஞ்சாலை 60-இன் ஓரத்துக்கே வரும். 1893 முதல் பாதுகாக்கப்படும், 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அந்தக் காட்டில், குதிரையை விட உயரமாக நிற்கும் ஒரு மூஸைக் காருக்குள்ளிருந்தே பார்க்கலாம். மெதுவாக ஓட்டுங்கள், முக்கியமாக விடியற்காலையிலும் மாலையிலும்.

சாப்பாட்டுக்குச் சங்கடப்படவே வேண்டாம். சைவம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பொதுவான கிரில் கம்பியில் இறைச்சிதான் வேகும், அதனால் உங்களுக்கென்று ஒரு வாணலி கொண்டுபோங்கள். முதல் ராத்திரிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால், இருட்டில் கூடாரம் அடித்து முடித்தவர்கள் எல்லோரும் உங்களை வாழ்த்துவார்கள். தோசை மாவை வீட்டிலேயே புளிக்க வைத்துக் கூலரில் வையுங்கள், அந்தக் குளிரில் அங்கே புளிக்காது. கேஸ் அடுப்பில் இரும்புக் கல்லைப் போட்டுக் காலையில் தோசை வார்த்தால், பக்கத்து இடத்துக்காரர்கள் கூட எட்டிப் பார்த்துப் பேச வருவார்கள். எனக்குப் பல நல்ல அறிமுகங்கள் அப்படித்தான் கிடைத்தன.

போகும் முன் நண்பர்களிடம் கூடாரம் அடிக்க எத்தனை இடம் எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு இடத்தில் பொதுவாக ஆறு பேர்தான் தங்கலாம், ஒரு கார்தான் கட்டணத்தில் சேரும். விக்டோரியா தினத்தை ஒட்டிப் பல மாகாணப் பூங்காக்களில் மது முழுக்கத் தடை, குழுவில் யாரும் ‘பரவாயில்லை’ என்று கொண்டுவர விடாதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் பாட்டும் சத்தமும் கூடாது. அப்போதுதான் ஏரியில் லூன் பறவை கூவுவது கேட்கும், கேட்காமல் தூங்கிவிடாதீர்கள். விறகை நகரத்திலிருந்து கொண்டுபோகாமல் பூங்காவிலேயே வாங்குங்கள், ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டு விறகோடு பயணம் செய்துதான் பரவுகிறது.

இந்தப் பயணம் பிடித்துப்போய், அடுத்த முறை நீங்களே ஏற்பாடு செய்ய நினைத்தால், இந்த மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்டாரியோ பார்க்ஸின் முன்பதிவு வருகை தேதிக்கு ஐந்து மாதம் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். நல்ல இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். ஆகஸ்ட் லாங் வீக்கெண்டுக்கு இப்போது தாமதம்தான், ஆனால் ரத்தாகும் இடங்கள் திரும்பவும் பட்டியலில் வரும், அடிக்கடி பாருங்கள்.

திங்கள் மதியம் 2 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தெற்கே வரும் சாலைகள் நெரிசலாக இருக்கும், அதனால் வீடு சேர ராத்திரி ஆகலாம். எவ்வளவு அசதியாக இருந்தாலும் கூடாரம் யாருடையது என்று பார்க்காமல் அன்றைக்கே வாங்கிப்போய் பால்கனியில் விரித்துக் காயவைத்துவிடுங்கள், ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.