பதிவு எண்ணைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. தலசீமியா, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்று படித்தேன். மருத்துவரோ காத்திருக்கச் சொல்கிறார். இதற்கிடையே ஒருவர், மூன்று ஸ்டெம் செல் (மற்ற செல்களை உருவாக்கும் மூல செல்) ஊசியில் குணமாகும் என்று ஆராய்ச்சிப் பதிவு எண் ஒன்றைக் காட்டி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

அந்தப் பதிவு எண் ஒப்புதல் அல்ல. ஆராய்ச்சியைப் பதிவு செய்ததற்கான அடையாளம் மட்டுமே அது. சிகிச்சை பலிக்குமா என்று யாரும் சோதித்துத் தருவதில்லை. முறையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஊசிக்கு முன் கீமோ உண்டா?" உங்கள் மகளின் எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் பழுதான செல்கள் குடியிருக்கின்றன. அவற்றைக் கீமோ மருந்தால் காலி செய்யாமல் புதியவை எங்கே தங்கும்? "கீமோ எல்லாம் வேண்டாம், வலிக்கவே வலிக்காது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் படித்ததும் பொய்யல்ல. கேஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், தலசீமியாவுக்கு 2024 ஜனவரியில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. ஆனால் இது மாத்திரை மாதிரி மொத்தமாகச் செய்து அடுக்கி வைக்கிற சரக்கில்லை. நோயாளியின் செல்லையே எடுத்து, தொழிற்கூடத்தில் மரபணுவைத் திருத்தி, பரிசோதித்து, உறையவைத்துத் திருப்பி அனுப்ப 6 மாதம் வரை ஆகலாம். திருத்திய செல்கள் வரும் பையில் உங்கள் மகளின் அடையாளம் ஒட்டியிருக்கும். அது கெட்டால் இன்னொருவருடையதைப் போட முடியாது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இதே நோய்க்கான இன்னொரு மரபணு சிகிச்சை, ஸின்டெக்லோ, 2019-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்று 2021-இல் அங்கிருந்து வெளியேறியது. மருந்து பலிக்காமல் அல்ல, விலை படியாமல்! ஆய்வகத்தில் ஜெயித்ததைப் பேரம் பேசியே தொலைத்தார்கள். இதையெல்லாம் எந்த மேசையில் போய்க் கேட்பது?

ஸ்டெம் செல் என்றாலே மோசடி என்றும் நினைத்துவிடாதீர்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சையும் ஸ்டெம் செல்தான். பல ஆண்டுகளாகத் தலசீமியாவைக் குணப்படுத்தி வருகிறது. உடன்பிறந்தவர் இருக்கிறாரா? ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர் என்றால், ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ரத்தப் பிரிவு ஒன்றாக இருப்பது இந்தப் பொருத்தம் ஆகாது, எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தப் பரிசோதனை தனி. அண்ணனுக்கோ தங்கைக்கோ தலசீமியா மைனர் (நோய் மரபணுவில் ஒன்றை மட்டும் சுமக்கும் நிலை) இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவர்களும் கொடுக்கலாம். எச்.எல்.ஏ. பார்த்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

அதுவரை, ரத்தம் ஏற்ற ஏற்ற உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள். ஈரலும் இதயமும் கெட்டுப்போனால், நாளைக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தாலும் அதைத் தாங்குவது கடினம்.