வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பதால் உண்மையில் பயன் உண்டா?

"எப்படியும் எல்லாம் ஒரே குப்பைமேட்டில்தானே கொட்டப்படுகிறது, வீட்டில் மினக்கெட்டுப் பிரித்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு. ஆனால் பிளாஸ்டிக்கைத் தனியாக எடுப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பிரித்தெடுக்க வேண்டியது ஈரக் கழிவைத்தான்.

நான் திருகோணமலை நகரத்துக்குள் குடியிருக்கிறேன். கோட்டைப் பக்கம், கடற்கரை, பஸ் நிலையம் என்று புள்ளிமான்கள் தம்பாட்டில் திரியும் ஊர் இது. குப்பைப் பையைப் படலையடியில் வைத்தால் வண்டிக்கு முன் மான் வந்துவிடும். பையை முகர்ந்து, பல்லால் பற்றி இழுத்துக் கிழிக்கும். உள்ளே இருக்கும் பழத்தோலோடு நிற்காது, குழம்பு ஊறிய லன்ச் சீட்டையும் (சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாள்) சேர்த்தே மென்று விழுங்கும். இறந்துபோன மான்களின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுக்கப்பட்ட செய்தி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் மாண்டதும் இப்படித்தான். கழுவிக் காய்ந்த வெறும் பையை எந்த மானும் திரும்பிப் பார்ப்பதில்லை. மானை இழுப்பது சாப்பாட்டு வாசனை.

குப்பைமேட்டிலும் இதே கதைதான். நம் நாட்டு வீடுகளிலிருந்து போகும் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அது காற்றுப் படாமல் அடியில் அமுங்கி அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது, கறுப்பு நீர் வடிந்து நிலத்துக்குள் இறங்குகிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேரைக் காவுகொண்டது. அந்த மலையின் பெரும்பகுதி வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் போன கழிவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் என் வீட்டுச் சோற்றையும் தோலையும் வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் வளவு மூலையில் பழைய பிளாஸ்டிக் பீப்பா ஒன்று நிற்கிறது. அடியை வெட்டி எடுத்துவிட்டு, சுற்றிவரத் துளையிட்டு, மண்ணின்மேல் நேராக நிறுத்தியிருக்கிறோம். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூச் சக்கை, முட்டைக்கோது எல்லாம் அதற்குள். ஒவ்வொரு முறையும் போட்டதைப் போல இரு மடங்கு காய்ந்த சருகை மேலே பரப்ப வேண்டும். மணக்காமல் இருப்பதும் புழு வைக்காமல் இருப்பதும் இந்தச் சருகால்தான். அந்தச் சருகைத்தான் எங்கள் ஒழுங்கையில் காலையில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. நான் கேட்டு வாங்கி உரப்பையில் கட்டி வைத்துக்கொள்கிறேன்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பீப்பா உலர்ந்து, உக்குவது நின்றுவிடும்; அப்போது அரிசி கழுவிய தண்ணீரைத் தெளிப்பேன். மாரியில் அதற்கு நேர்மாறு: மூடியை இறுக்கி, சருகைக் கூட்ட வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. மீன் செதிலையும் குடலையும் மட்டும் இதில் போடுவதில்லை. பூனையும் காகமும் விடாது. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி வாழையடியில் புதைத்துவிடுகிறோம். சில மாதங்களில் பீப்பாயின் அடியில் கறுத்த பசளை சேர்ந்திருக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது போதும்.

ஈரம் போனபின் மிஞ்சுவது பாரமில்லாதது, மணமில்லாதது. வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். தண்ணீர்ப் போத்தல், அட்டைப்பெட்டி, தகரம், கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றைப் பழைய சாமான் வாங்குகிறவர் காசு கொடுத்தே எடுத்துப்போகிறார். மீன்குழம்பு ஊறிய அட்டையை அவர் கையாலும் தொடமாட்டார். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது: வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்பது பல இடங்களில் உண்மை. அதனால்தான் விற்கக்கூடியதை வண்டிக்குக் கொடுக்காமல் நேரே அவரிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

பால்மாப் பை, பிஸ்கட் உறை போன்றவற்றுக்கு வழியில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் தாள் தாளாக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம், யாரும் வாங்குவதுமில்லை. அவை மட்டும் வண்டிக்குப் போகட்டும். தயவுசெய்து எரிக்காதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான்.

லன்ச் சீட்டுக்கும், சாப்பாடு கட்டும் வெள்ளை நுரைப் பெட்டியான ரெஜிபோம் பெட்டிக்கும் 2017 செப்டெம்பரில் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், தட்டு, இடியப்பத் தட்டு வரை தடை நீண்டது. சட்டம் இருந்தும் சாப்பாட்டுப் பார்சல் இன்னும் பொலித்தீனில்தான் வருகிறது. கடைக்குப் போகும்போது மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரர் முதலில் தயங்கினார், இப்போது பாத்திரத்தைக் கண்டாலே ஒரு அகப்பை கறி கூட வைக்கிறார்.

வளவு இல்லாத மாடிவீடு என்றால், துளையிட்ட வாளிகள் இரண்டு போதும். ஒன்று நிரம்பி உக்கிக்கொண்டிருக்கும்போது மற்றதில் போடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், வடியும் நீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டாமல் இருக்கும். சருகு கிடைக்காவிட்டால் தும்புத் தூளோ மரத்தூளோ வாங்கிப் போடலாம்.